வானொலிச் சோதனைக் கருவிகளில் அதிர்வெண் தொகுப்பும் சைகைச் செயலாக்கமும்

வானொலிச் சோதனைக் கருவிகள் என்பவை அலைபரப்பி, அலைவாங்கி, ஆண்டெனா, வடிகட்டி, கம்பிவடம் போன்றவற்றின் இயல்பை அளந்தறியப் பயன்படும் மின்னணுக் கருவிகள் ஆகும். சைகை இயற்றி, அலைமாலைப் பகுப்பாய்வி, வலைப்பின்னல் பகுப்பாய்வி ஆகிய மூன்றும் இவற்றுள் முதன்மையானவை. பெயரும் வடிவமும் வேறுபட்டாலும் இவற்றுக்குள் நடப்பவை பெரும்பாலும் இரண்டு வேலைகளே. ஒன்று, வேண்டிய அதிர்வெண்ணைத் துல்லியமாக உண்டாக்குவது. இதை அதிர்வெண் தொகுப்பு என்பர். மற்றொன்று, சோதனைப் பொருளிலிருந்து வரும் சைகையை எண்களாக மாற்றிக் கணக்கிடுவது. இது சைகைச் செயலாக்கம்.

திரையில் ஒரு கோடு தெரிகிறது. அது சோதனைப் பொருளின் இயல்பா, கருவியின் இயல்பா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அளப்பவர், நன்றாக இருக்கும் ஆண்டெனாவை வெட்டிவிடவும் கூடும்; பழுதான பெருக்கியை நல்லது என்று நம்பிவிடவும் கூடும். விடை காண்பதற்குக் கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் தொகுக்க வேண்டும்?

மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிரும் என்பதை மேல்நிலை வகுப்பு மாணவர் அறிவர். அந்த அதிர்வெண், மின்தூண்டல் எண், மின்தேக்குதிறன் ஆகியவற்றின் பெருக்கற்பலனின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். பழைய சைகை இயற்றிகள் இப்படித்தான் வேலை செய்தன. குமிழைத் திருகினால் மின்தேக்கியின் தகடுகள் நகரும், அதிர்வெண் மாறும். எந்த அதிர்வெண்ணையும் பெறலாம் என்பது இதன் வசதி.

நிலையாக நிற்காது என்பது இதன் குறை. வெப்பத்தால் மின்தேக்குதிறன் 0.1 விழுக்காடு கூடினால் அதிர்வெண் 0.05 விழுக்காடு குறையும். சிறிய எண் போலத் தோன்றும். 145 மெகாஹெர்ட்ஸில் அது 72.5 கிலோஹெர்ட்ஸ். அலைவரிசைகள் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருந்தால், கருவி ஏறக்குறைய மூன்று அலைவரிசை தள்ளிப் போய்விட்டது என்று பொருள்.

குவார்ட்ஸ் படிகம் இதற்கு நேர்மாறானது. அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் அழுத்த மின்விளைவை 1880-இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். அந்த விளைவால் இயங்கும் படிக அலையியற்றி பத்து இலட்சத்தில் சில பங்குக்கு மேல் வழுவுவதில்லை. ஆனால் படிகத்தை எந்தக் கனத்தில் வெட்டினார்களோ அந்த ஓர் அதிர்வெண்ணையே அது தரும்.

ஆக, எங்கும் செல்லக்கூடியது நிலையில்லாதது. நிலையானது நகர மறுப்பது. படிகத்தின் நிலைத்தன்மையை நாம் விரும்பும் எந்த அதிர்வெண்ணுக்கும் ஏற்றிக் கொடுப்பதே அதிர்வெண் தொகுப்பு. தொடக்கத்தில் இதைப் பெருக்கியும் வகுத்தும் கலந்தும் வடிகட்டியும் செய்தார்கள். 1964-இல் வெளிவந்த ஹியூலெட்-பேக்கார்டு 5100ஏ இவ்வகையில் பெயர்பெற்றது. ஒரே படிகத்திலிருந்து 50 மெகாஹெர்ட்ஸ் வரை 0.01 ஹெர்ட்ஸ் படிகளில் அது அதிர்வெண்களைத் தந்தது. முறை சிறந்தது, ஆனால் கருவி பெரியது, சுற்றுகளும் மிகுதி. இன்று கைக்கருவிகளில் காண்பவை வேறு இரண்டு முறைகள்.

கட்டப்பூட்டு வளையம்

பட்டறையில் பி.எல்.எல். என்று சொல்லப்படுவது இது. இதன் அடிப்படைக் கருத்தைப் பிரான்சு நாட்டின் ஆன்ரி டி பெல்சீஸ் 1932-இல் வானொலி அலைவாங்கிக்காக வெளியிட்டார்.

தந்தை கையைப் பிடித்து நடக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். தந்தை ஓர் எட்டு வைக்கும்போது குழந்தை மூன்று எட்டு வைக்கிறது. குழந்தை பின்தங்கினால் கை இழுபடும். முந்தினால் கை தளரும். அந்த இழுவையை உணர்ந்து குழந்தை தன் நடையைத் திருத்திக்கொள்கிறது. தந்தையின் நடைதான் படிகம். குழந்தையின் நடை, மின்னழுத்தத்தால் அதிர்வெண் மாறும் அலையியற்றி. மூன்றுக்கு ஒன்று என்று எண்ணுவது வகுப்பி. கையின் இழுவையை அளப்பது கட்ட ஒப்பீட்டுச் சுற்று. இழுவையைத் திடீரென்று வெட்டி இழுக்காமல் மெதுவாகக் கடத்துவது வளைய வடிகட்டி.

எண்களில் பார்ப்போம். படிகத்திலிருந்து வகுத்து எடுத்த அடிப்படை அதிர்வெண் 25 கிலோஹெர்ட்ஸ். வகுப்பியில் 5800 என்று வைத்தால், வெளிவரும் அதிர்வெண் 5800 × 25 கிலோஹெர்ட்ஸ், அதாவது 145 மெகாஹெர்ட்ஸ் ஆகும்வரை வளையம் ஓயாது. 5801 என்று மாற்றினால் 145.025 மெகாஹெர்ட்ஸ். படிகத்தைத் தொடாமலே அடுத்த அலைவரிசைக்குப் போய்விட்டோம்.

கைபேசியும் வானொலிப் பெட்டியும் இதனால் நிறைவடையும். சோதனைக் கருவி நிறைவடையாது. அதற்கு 10 ஹெர்ட்ஸ் படிகள் வேண்டும். அடிப்படை அதிர்வெண்ணை 10 ஹெர்ட்ஸாகக் குறைத்தால் என்ன? இரண்டு இடையூறுகள் வருகின்றன. திருத்தம் விநாடிக்குப் பத்து முறை மட்டுமே நடப்பதால், வளையம் நிலைகொள்ளச் சில விநாடிகள் ஆகும். இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. மற்றொன்றே கடுமையானது. வகுக்கும் எண்ணால் இரைச்சலும் பெருகுகிறது. வகுக்கும் எண் 5800 என்றால் அடிப்படை அதிர்வெண்ணின் கட்ட இரைச்சல் சுமார் 75 டெசிபல் உயரும். 1 கோடியே 45 இலட்சம் என்றால் 143 டெசிபல்.

இதற்குக் கண்ட வழி பின்ன வகுப்பு. ஆண்டுக் கணக்கில் நாம் அன்றாடம் பயன்படுத்துவதுதான் இது. ஓராண்டுக்கு 365¼ நாள் என்று வைக்க முடியாது. எனவே மூன்று ஆண்டுகளுக்கு 365, நான்காம் ஆண்டுக்கு 366 என்று வைத்துச் சராசரியைச் சரிசெய்கிறோம். அதுபோல வகுப்பி ஒன்பது முறை 10-ஆலும் ஒருமுறை 11-ஆலும் வகுத்தால் சராசரி 10.1. லீப் ஆண்டு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருவதுபோல் இங்கும் அந்த 11 ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒழுங்கே முதன்மை அதிர்வெண்ணின் இருபுறமும் வேண்டாத சிறு சைகைகளாகத் தோன்றும். ஆகவே நவீனச் சில்லுகள் 10-ஐயும் 11-ஐயும் வேண்டுமென்றே ஒழுங்கு கலைத்து மாற்றுகின்றன. தொல்லை மறைவதில்லை, அது உயர் அதிர்வெண் இரைச்சலாகத் தள்ளப்படுகிறது. அங்கே அதை வளைய வடிகட்டி தடுத்துவிடும்.

எண்முறை நேரடித் தொகுப்பு

இரண்டாம் முறையில் வளையமே இல்லை. டியர்னி, ரேடர், கோல்டு ஆகிய மூவர் 1971-இல் வெளியிட்ட ஆய்வுரை இதற்கு அடிப்படையாக அமைந்தது.

கடிகாரத்தின் முள் ஒன்று வட்டத்தில் தாவித் தாவிச் செல்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு துடிப்புக்கும் குறித்த அளவு தாவும். முள்ளின் நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சைன் அட்டவணையில் பார்த்து அந்த எண்ணை மின்னழுத்தமாக மாற்றினால் சைன் அலை கிடைத்துவிடும். தாவல் பெரிதானால் முள் விரைவில் ஒரு சுற்று முடிக்கும், அதிர்வெண் கூடும். சிறிதானால் குறையும். அவ்வளவுதான்.

ஏ.டி.9850 என்ற சில்லில் துடிப்பு விநாடிக்கு 12.5 கோடி. வட்டம் 2-இன் அடுக்கு 32, அதாவது 429,49,67,296 பங்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரே ஒரு பங்கு தாவினால் கிடைக்கும் அதிர்வெண் 125 மெகாஹெர்ட்ஸை அந்த எண்ணால் வகுத்த ஈவு, சுமார் 0.0291 ஹெர்ட்ஸ். இதுவே இச்சில்லின் மிகச் சிறிய படி. 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமானால் தாவல் 34,360 என்று கொடுக்க வேண்டும், வெளிவருவது 1000.0076 ஹெர்ட்ஸ். படிகத்தின் வழுவே பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும்.

மாற்றம் உடனடியாக நிகழ்வது இம்முறையின் பெருமை. நிலைகொள்ளக் காத்திருக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், வெளிவருவது உண்மையில் படிக்கட்டு போன்ற அலை. 40 மெகாஹெர்ட்ஸைக் கேட்டால், 125-இலிருந்து 40 கழித்த 85 மெகாஹெர்ட்ஸிலும் ஒரு நிழல் எழும். அதைத் தடுக்க வெளியே ஒரு வடிகட்டி கட்டாயம் வேண்டும். துடிப்பின் பாதியான 62.5 மெகாஹெர்ட்ஸை நெருங்க நெருங்க உண்மையும் நிழலும் அருகருகே வந்துவிடுவதால் வடிகட்டி அமைப்பது கடினம். எனவே நடைமுறையில் துடிப்பின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் நின்றுவிடுவார்கள். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பலகைகளை வாங்கும் மாணவர்கள் இந்த நிழலை மறந்துவிடக் கூடாது.

கலப்பியும் விம்மலும்

உயர் அதிர்வெண்ணை நேரடியாக எண்களாக மாற்றுவது செலவு மிக்கது. எனவே முதலில் அதைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்குவார்கள். இதைச் செய்வது கலப்பி. இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றும் இந்த வழியை எட்வின் ஆம்ஸ்டிராங் 1918-இல் அலைவாங்கியில் கையாண்டார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 256, 260 ஹெர்ட்ஸ் இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கச் செய்தால் விநாடிக்கு நான்கு விம்மல்கள் கேட்கும் என்று பாடத்தில் படித்திருப்போம். கலப்பியும் அதையே செய்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை. விம்மலில் இரு அலைகளும் கூட்டப்படுகின்றன. ஒலி ஏறி இறங்குகிறதே தவிர, 4 ஹெர்ட்ஸில் புதிய அலை எதுவும் பிறப்பதில்லை. காற்றில் இருப்பவை அதே 256, 260 மட்டுமே. கலப்பியில் அலைகள் பெருக்கப்படுகின்றன. இரண்டு சைன்களைப் பெருக்கினால் அவற்றின் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் உண்மையான புதிய அதிர்வெண்களாகத் தோன்றும் என்பது முக்கோணவியல் வாய்பாடு. 145.000, 145.005 மெகாஹெர்ட்ஸைப் பெருக்கினால் 5 கிலோஹெர்ட்ஸும் 290.005 மெகாஹெர்ட்ஸும் கிடைக்கும். இரண்டாவதை வடிகட்டிவிட்டால் கையில் மிஞ்சுவது காதால் கேட்கக்கூடிய 5 கிலோஹெர்ட்ஸ். வீச்சு மட்டுமன்றி கட்டமும் அப்படியே இறங்கி வரும். அளவீட்டுக்கு இதுவே உயிர்நாடி.

ஓர் எடுத்துக்காட்டு: நானோ வி.என்.ஏ.

உள்ளங்கையில் அடங்கும் நானோ வி.என்.ஏ. என்ற வலைப்பின்னல் பகுப்பாய்வியின் சுற்றுப்படமும் நிரலும் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. மேலே சொன்னவை அனைத்தும் அதில் ஒருங்கே இருப்பதால் மாணவர்கள் படிக்க இதைவிட நல்ல கருவி இல்லை என்பேன். தொடக்ககாலப் பதிப்பை எடுத்துக்கொள்வோம்.

அதிர்வெண்ணை உண்டாக்குவது எஸ்.ஐ.5351 என்ற சில்லு. வெப்ப ஈடு செய்யப்பட்ட 26 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை அது முதலில் 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸுக்குள் உயர்த்துகிறது; பிறகு பின்ன வகுப்பியால் கீழே இறக்குகிறது. 26-ஐ 32-ஆல் பெருக்கி 832. அதை 8-ஆல் வகுத்தால் 104 மெகாஹெர்ட்ஸ். இதில் இரண்டு அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் உருவாக்கப்படுகின்றன. ஒன்று சோதனைப் பொருளுக்குச் செல்லும். அதிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் விலகிய மற்றொன்று எஸ்.ஏ.612 வகையைச் சேர்ந்த மூன்று கலப்பிகளுக்குச் செல்லும். மூன்று கலப்பிகள் எதற்கு? அனுப்பிய அலை, திரும்பி வந்த அலை, பொருளைக் கடந்து சென்ற அலை என மூன்றையும் இறக்குவதற்கு. திரும்பி வந்ததைப் பிரித்தறிவது வீட்ஸ்டோன் சமனச்சுற்று போன்ற மின்தடைச் சுற்று. வெளியே 50 ஓம் இணைத்தால் சுற்று சமநிலை அடையும். திரும்பி வரும் அலை சுழி. ஆய்வகத்தில் கால்வனாமீட்டர் முள் நடுவில் நின்ற அதே காட்சிதான்.

எஸ்.ஐ.5351 தருவது சைன் அலை அன்று, சதுர அலை. சதுர அலையில் மூன்றாம் சீரிசை மூன்றில் ஒரு பங்கு வீச்சிலும், ஐந்தாம் சீரிசை ஐந்தில் ஒரு பங்கிலும் அடங்கியிருக்கும். பிற இடங்களில் தொல்லையாகக் கருதப்படும் இதை இங்கே வடிவமைப்பாளர் பயனாக மாற்றியிருக்கிறார். 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இந்தக் கருவி சீரிசைகளைக் கொண்டே அளக்கிறது. 600 மெகாஹெர்ட்ஸில் அளக்கும்போது சில்லு உண்மையில் தருவது 200 மெகாஹெர்ட்ஸ். அதன் மூன்றாம் சீரிசை 600. கலப்பிக்குச் செல்வது 120 மெகாஹெர்ட்ஸைச் சற்று விலக்கியது. அதன் ஐந்தாம் சீரிசையும் 600-ஐ ஒட்டி வரும். இரண்டுக்கும் ஏன் மூன்றாம் சீரிசையையே வைக்கவில்லை? அப்படி வைத்தால் வலிமைமிக்க அடிப்படை அலைகளும் தம்முள் கலந்து 5 கிலோஹெர்ட்ஸுக்கு மிக அருகே வந்து விழும். 200, 120 என்று வைத்ததால் அவற்றின் மீச்சிறு பொது மடங்கான 600-இலும் அதன் மடங்குகளிலும் மட்டுமே இரண்டும் சந்திக்கும். ஆறாம் வகுப்புக் கணக்கு இங்கே கைகொடுக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. 300 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் திரையில் இரைச்சல் தளம் சட்டென்று உயர்வதைக் காணலாம். அது பழுதன்று. அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று: 600-இல் அளப்பதாக நாம் நினைக்கும்போது, அதைவிட ஏறக்குறைய 9.5 டெசிபல் வலிய 200 மெகாஹெர்ட்ஸ் அலையும் சோதனைப் பொருளுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டெனாவுக்கு இதனால் கேடில்லை. பெருக்கியை அளந்தால் அந்த 200 மெகாஹெர்ட்ஸ் அதைத் தெவிட்டச் செய்துவிடக்கூடும். 600-இல் காட்டும் பெருக்கம் உண்மைக்குக் குறைவாக இருக்கும். இடையே ஒரு தணிப்பான் இணைத்து அளந்து பார்ப்பது நல்லது.

இறக்கப்பட்ட 5 கிலோஹெர்ட்ஸ் சைகையை எண்களாக்குவது, இசைக் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட சாதாரண ஒலிச் சில்லு. அது விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும். 48 மாதிரிகள் சேர ஒரு மில்லிவிநாடி ஆகும். அதற்குள் 5 கிலோஹெர்ட்ஸ் அலை சரியாக ஐந்து சுற்று முடித்திருக்கும். ஒவ்வொரு மாதிரியையும் நுண்செயலி ஒருமுறை சைன் அட்டவணையாலும் ஒருமுறை கொசைன் அட்டவணையாலும் பெருக்கிக் கூட்டுகிறது. 5 கிலோஹெர்ட்ஸ் சைகை மட்டும் கூடிக்கொண்டே போகும். அதே மில்லிவிநாடியில் ஏழு சுற்று முடிக்கும் 7 கிலோஹெர்ட்ஸ் இரைச்சலின் கூட்டுத்தொகை சுழியாகிவிடும். சைனால் மட்டும் பெருக்கினால் போதாதா? சைகையின் கட்டம் 90 பாகை தள்ளியிருந்தால் விடை சுழி வந்துவிடும். சைகையே இல்லை என்று ஏமாந்துபோவோம். இரண்டாலும் பெருக்கினால் பிதாகரஸ் தேற்றம் வீச்சைத் தரும். இரண்டின் தகவு கட்டத்தைத் தரும்.

கடைசியாக, திரும்பி வந்த அலையின் விடையை அனுப்பிய அலையின் விடையால் வகுக்கிறார்கள். அனுப்பும் அலையின் வலிமை சற்று ஏறி இறங்கினாலும் அது இரண்டிலும் இருப்பதால் வகுத்தலில் நீங்கிவிடும்.

அளவுத்திருத்தம்

மலிவான பகுதிகளால் ஆன கருவி எப்படி நம்பத்தக்க விடை தருகிறது? வன்பொருளின் குறைகளைக் கணக்கால் நீக்குவதால்தான். ஒரு முனையில் நடக்கும் அளவீட்டில் மூன்று முறையான பிழைகள் உண்டு. சமனச்சுற்றின் கசிவு ஒன்று. பொருளிலிருந்து வந்த அலை கருவியில் மோதி மீண்டும் செல்வது இரண்டாவது. பாதையில் ஏற்படும் வீச்சு, கட்ட மாற்றம் மூன்றாவது. மூன்று அறியா மதிப்புகளைக் காண மூன்று சமன்பாடுகள் வேண்டும். எனவே விடை முன்பே தெரிந்த மூன்று பொருள்களை இணைக்கிறோம். திறந்த முனை அலையை முழுவதும் திருப்பும்; குறுக்கிணைப்பும் முழுவதும் திருப்பும், ஆனால் குறி மாற்றி; 50 ஓம் சுமை எதையும் திருப்பாது. சுமையை இணைத்தபோதும் ஏதேனும் தெரிந்தால் அது கசிவே. இந்தச் சமன்பாடுகள் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனித்தனியே, ஒரு வீச்சுக்கு 101 இடங்களில் தீர்க்கப்படுகின்றன.

ஆகவே திருத்தத்தைக் கருவியின் முனையில் செய்துவிட்டு, பிறகு ஒரு மீட்டர் வடம் இணைத்து ஆண்டெனாவை அளப்பது பொருளற்றது. பாலித்தீன் காப்பிட்ட வடத்தில் 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 1.36 மீட்டர். போய்வர இரண்டு மீட்டர் என்றால் கட்டம் ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று சுழன்றுவிடும். ஆண்டெனா மின்தூண்டியாகத் தெரிய வேண்டிய இடத்தில் மின்தேக்கியாகத் தெரியலாம். வடத்தின் மறுமுனையிலேயே திருத்தம் செய்ய வேண்டும். அளக்கும் அதிர்வெண் எல்லையை மாற்றினால் மீண்டும் செய்ய வேண்டும்.

அலைமாலைப் பகுப்பாய்வி

இதுவும் தொகுப்பியும் கலப்பியும் சேர்ந்ததுதான். உள்ளக அலையியற்றியை மெல்ல நகர்த்தி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று வரைகிறது. ஒரு நேரத்தில் எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறது என்பது அதன் பிரிதிறன் அகலம். அறை வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள வெப்ப இரைச்சல், ஒரு மில்லிவாட்டுக்கு 174 டெசிபல் கீழே. அகலம் ஆயிரம் மடங்கானால் இரைச்சல் 30 டெசிபல் உயரும். எனவே மெல்லிய சைகையைக் காணக் குறுகிய அகலம் வேண்டும். ஆனால் குறுகக் குறுக நேரம் ஆகும். 100 மெகாஹெர்ட்ஸ் பரப்பை 1 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் நகர்ந்து பார்க்க நான்கு நிமிடம் வரை ஆகும். புதிய கருவிகள் ஒரு பட்டையை முழுவதுமாக எண்களாக்கி, ஃபூரியர் உருமாற்றத்தால் அதிலுள்ள எல்லா அதிர்வெண்களையும் ஒரே சமயத்தில் பிரித்துவிடுகின்றன.

வீட்டில் அலைபரப்பி செய்பவர்களுக்கு இந்தக் கருவியில்தான் ஏமாற்றம் அதிகம். அலைபரப்பியின் இரண்டாம் சீரிசை சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டுவதாகத் திரை காட்டும். வடிகட்டியை மாற்றி மாற்றிக் கட்டுவார்கள், கோடு குறையாது. மிகுந்த வலிமையோடு நுழையும் சைகையால் பகுப்பாய்வியின் கலப்பியே அந்தச் சீரிசையை உண்டாக்கியிருக்கலாம். 5 வாட் அலைபரப்பியைக் குறைந்தது 40 டெசிபல் தணிப்பான் இல்லாமல் இணைக்கவே கூடாது, கருவி எரிந்துபோகும். தணிப்பானோடு இணைத்த பிறகும் ஐயம் இருந்தால், வெளியே மேலும் 10 டெசிபல் தணிப்பான் சேர்த்துப் பார்க்கலாம். அந்தக் கோடு 10 டெசிபல் இறங்கினால் அது அலைபரப்பியிலிருந்து வருவது. இரண்டாம் சீரிசை 20 டெசிபலும் மூன்றாம் சீரிசை 30 டெசிபலும் இறங்கினால் அவை கருவிக்குள்ளேயே பிறந்தவை. அலைபரப்பியின் மீது கைவைக்க வேண்டியதில்லை.